பானைச்சுவருக்கு நான் வெள்ளையடித்த கதை

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. நான் ஓவர்சியராக வேலை பார்த்த அதே ஒன்றிய அலுவலகத்திலிருந்து, புதிதாக வந்திருக்கும் பெண் இன்ஜினியர் பேசினார். பெயர் சுகன்யா. பழைய ரெக்கார்டு அறையைக் காலி செய்தபோது ஒரு எம் புக் கிடைத்ததாம். எம் புக் என்றால் அளவுப் புத்தகம். போட்ட ரோடு, கட்டிய சுவர், தோண்டிய பள்ளம் எல்லாவற்றின் நீள அகலமும் அதில்தான் ஏறும். அதில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறதாம்.

"சார், படிக்கிறேன் கேளுங்க. 'தேனீ குடியிருக்கும் சுவர். இடிக்கத்தக்கதல்ல. முகர்ந்து பார்த்துச் சான்றளித்தவர் கன்னியம்மாள்.' எம் புக்ல எதுக்கு சார் இதை எழுதினீங்க? முகர்ந்து பார்த்தாங்கன்னா இன்னா சார்?"

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கிராமங்களில் இருக்கும் பழைய கல்தொட்டி, சுமைதாங்கி, தேன்பானை பதித்த சுவர் இதையெல்லாம் பட்டியல் எடுத்துப் பாதுகாக்கச் சொல்லி இப்போது மேலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. அந்தப் பெண் அதற்காகத்தான் தேடியிருக்கிறார். "எழுதியே அனுப்பறேம்மா" என்றேன். போனில் சொன்னால் என் முட்டாள்தனம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எழுதினால் கொஞ்சம் ஆற அமர அனுபவிக்கலாம்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொந்த ஊர் ஆம்பூர். தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்தெருவில் வீடு. எங்கள் அப்பா அங்கே தோல் உலர்த்தும் கொட்டகையில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, எங்களுக்கு எந்த நாற்றமும் தெரியாது. ரயில் எங்கள் ஊரைத் தாண்டும்போது வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பார்கள். எதற்கு வைக்கிறார்கள் என்று எனக்குப் பத்து வயது வரைக்கும் தெரியாது. ஜலதோஷம் பிடித்தவர்கள் எல்லாம் ரயிலில் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த மூக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை இதில்தான் இருக்கிறது.

வேலூரில் டிப்ளமா படித்தேன். இரண்டு மூன்று ஊர்களில் கிணறு அளந்தேன், பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றினேன். எழுபதுகளின் நடுவில் இந்த ஒன்றியத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே உதவிப் பொறியாளராக இருந்தவர் ஜெயசீலன் சார்.

மனிதர் ஒல்லி. வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட். சட்டைப் பையில் மடக்கு ஸ்கேல், பேண்ட் பையில் மூக்குப்பொடி டப்பா. குரலை உயர்த்தி அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் என்ன சொன்னாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"அளந்ததா, பார்த்ததா?"

சேர்ந்த முதல் வாரம் ஒரு சிறுபாலத்தைப் பார்த்துவிட்டு வந்து, "பதினெட்டு அடி இருக்கும் சார்" என்றேன். கேள்வி வந்தது. பார்த்தது என்று ஒப்புக்கொண்டேன். தலையை ஆட்டிவிட்டு ஒரு சிட்டிகைப் பொடியை உறிஞ்சினார். அவ்வளவுதான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏழு மைல் திரும்பிப் போய் அளந்தேன். பதினெட்டு அடி மூன்று அங்குலம் இருந்தது. "பதினெட்டே கால் சார், நான் சொன்னது கிட்டத்தட்ட சரிதான்" என்றேன். "அந்த மூணு அங்குலத்துலதான் ஓவர்சியர், மாட்டுவண்டிச் சக்கரம் இறங்கும்" என்றார். அதற்குப் பிறகு என் வீட்டுக்குப் பாய் வாங்கினால்கூட அளந்துதான் வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒடுகத்தூருக்கு மேலே மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிற்றூருக்கு ரோடு போட உத்தரவு வந்தது. பஸ் விட வேண்டும் என்று ஊரார் பல வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நிலக்கடலை மூட்டையைத் தலையில் சுமந்து ஒடுகத்தூர் வரை நடந்த ஜனங்கள். ரோடு வரப்போகிறது என்றதும் எனக்கு டீ வாங்கித் தராத வீடு இல்லை.

ரோட்டின் கடைசி வளைவில் கன்னியம்மாளின் மாட்டுக்கொட்டாய் இருந்தது. கொட்டாயின் வெளிச்சுவர் ரோட்டுப் புறம்போக்கில் மூன்றடி நீட்டிக்கொண்டு நின்றது. மண் சுவர். இருபத்திரண்டு அடி நீளம், ஏழடி உயரம், ஒன்றரை அடி கனம். அளந்ததுதான். வழக்கப்படி 'பழைய மண் சுவர், இடித்து அகற்ற வேண்டியது' என்று எழுதப் போனேன். காதுக்குப் பக்கத்தில் 'ங்கொய்' என்று ஒரு சத்தம்.

சுவரில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னத் துவாரங்கள். மேல் வரிசையில் ஆறு இடத்தில், கீழ் வரிசையில் ஐந்து இடத்தில். ஏழு இடத்தில் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. உள்ளே அழைத்துப் போய்க் காட்டினாள் கன்னியம்மாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். சுவர் கட்டும்போதே படுக்கை வாட்டத்தில் பதினொரு மண்பானைகளைப் பதித்திருக்கிறார்கள். பானையின் அடிப்பக்கம் ரோட்டைப் பார்க்கும். அதில்தான் துவாரம், அது தேனீக்கு வாசல். பானையின் வாய் கொட்டாய்க்குள் இருக்கும். அதை ஒரு பலகையால் மூடி, சாணியும் மண்ணும் குழைத்துப் பூசியிருப்பார்கள். அது கன்னியம்மாளுக்கு வாசல். தேன் எடுக்க வேண்டுமானால் பலகையைப் பெயர்த்து, தேங்காய் நார்ப் புகையை லேசாகக் காட்டி, ஓரத்து அடையை மட்டும் அறுத்துக்கொள்வாள். தேனீ முன்வாசலில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"எங்க மாமனாரு கட்னது சார். இந்த ஊர்ல கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் இங்க இருந்துதான் தேன் போவும். பஸ்ஸு வந்தா வேலூருக்கே கொண்டுபோய்ட்டு வருவேன்."

"யம்மா, பஸ்ஸு வரணும்னா இந்த சுவர் போவணும்."

"பஸ்ஸும் வரணும், சுவரும் நிக்கணும். நீங்கதானே படிச்சவங்க, யோசிங்க" என்று எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அவள் கணவர் ஏழுமலை வாராவாரம் சனிக்கிழமை ஊருக்கு வருவார். எங்கள் ஆம்பூரில்தான் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. தோலில் மயிர் உதிர, சுண்ணாம்போடு மருந்தும் கலந்து ஊறவைக்கும் தொட்டி அது. அவர் ஒற்றையடிப் பாதையில் வருவதைப் பார்த்ததும் கன்னியம்மாள் குரல் கொடுத்தாள்.

"அங்கயே நில்லு. கெணத்துல குளிச்சிட்டு வா."

ஏழுமலை என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார் பண்றது, இந்த வாசனைதான் சோறு போடுது. ஆனா தேனீங்களுக்கு ஆவல. நான் அப்படியே கிட்ட போனேன்னா மொத்தமும் பேஜார் ஆய்டும்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கேட்ட விஷயத்தை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

ஜெயசீலன் சாரிடம் சொன்னதும் மறுநாளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டாய்க்குள் போய், ஒவ்வொரு பானைப் பலகையிலும் காதை வைத்துக் கேட்டார். பதினொன்றையும் கேட்டுவிட்டு, "ஏழு வீட்ல ஆள் இருக்கு" என்றார். பிறகு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் ஒரு பாறைத் திட்டை அளந்தார். அதை நாலடி உடைத்தால் பஸ் திரும்பும், சுவர் தப்பும். ஆனால் அதற்குத் திருத்திய மதிப்பீடு போட வேண்டும். மதிப்பீடு பாஸாக ஒரு காரணம் வேண்டும்.

வேலூரில் இருந்த கோட்டப் பொறியாளர் ஃபைலைப் படித்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். "தேனீக்கா ரோடு போடறோம்?" என்றார். ஜெயசீலன் சார் சுவரின் வரைபடத்தை எடுத்து அவர் முன் விரித்தார். பதினொரு பானையும் அளவோடு அதில் இருந்தது. பெரியவர் ரொம்ப நேரம் பார்த்தார். "குடியிருப்பு இருக்கிற கட்டுமானம்னா விட்டுடலாம். பாழடைஞ்ச சுவருக்குப் பாறை உடைக்க முடியாது. பொங்கல் கழிச்சு நான் நேர்ல வந்து பார்க்கறேன். சுவரைச் சுத்தமா, பார்க்கற மாதிரி வைங்க."

பார்க்கிற மாதிரி. அந்த இரண்டு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

பொங்கல் வந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்காத சுவரும் ஒரு சுவரா? கன்னியம்மாள் தன் தங்கையின் பிரசவத்துக்காகத் திமிரிக்குப் போயிருந்தாள். மாடுகளைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, "ஆடு மாடு மோதாம சுவரைப் பார்த்துக்குங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் பார்த்துக்கொண்டது போதாதென்று, அழகும் பண்ணிவைக்க முடிவுசெய்தேன். அவள் திரும்பி வந்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை.

ஆம்பூரில் என் தோஸ்த் பஷீர் ஒரு தோல் ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். கேட்டதும் சொன்னான், "சுண்ணாம்புக்கா பஞ்சம்? நம்ம ஸ்டோர்ல ஜாஸ்தி கெடக்கு. சேட்கிட்ட சொல்லிட்டு நானே எடுத்தாறேன்." இரண்டு டிரம்மில் நீற்றிய சுண்ணாம்பு, அடிப்பதற்கு இரண்டு ஆட்கள், எல்லாம் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்புதான். ஆனால் அந்த டிரம்கள் முன்பு மயிர் உதிர்க்கும் மருந்து வைத்திருந்த டிரம்கள். பஷீரும் ஆம்பூர், அடித்த இருவரும் ஆம்பூர், நானும் ஆம்பூர். நாலு பேரும் அந்த டிரம்முக்கு மேலேயே குனிந்து கலக்கினோம். ஒருத்தன் மூக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கோட்டிங் அடித்தோம். நீலம் கலந்ததால் சுவர் பளிச்சென்று இருந்தது. கீழே காவிப் பட்டை. ஒவ்வொரு துவாரத்தைச் சுற்றியும் நானே பிரஷ்ஷைப் பிடித்து வட்டமாகக் காவி தீட்டினேன். 'பாரம்பரியத் தேன்சுவர்' என்று ஒரு பலகையும் எழுதி நட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் வரிசையிலிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது. ஒரு பானையின் தேனீக்கள் மொத்தமும் வெளியே கொட்டி, காற்றில் சுழன்று, எதிரே இருந்த புளியமரத்தில் கொத்தாகத் தொங்கின. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தும் கிளம்பி மலைப்பக்கம் போய்விட்டன. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பானை. அடுத்த நாள் நாலு. நான் இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். அழகான சுவர், பதினொரு காவி வட்டம், ஒரு தேனீ இல்லை.

போகியன்று கன்னியம்மாள் வந்தாள். வளைவுக்கு ஐம்பது அடி முன்னாலேயே நின்றுவிட்டாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எங்க அவரு? இன்னிக்கு சனிக்கிழமைகூட இல்லயே, குளிக்காமக்கொள்ளாம எங்க நிக்கிறாரு?"

"அவர் வரலம்மா. நாந்தான்..." என்று சுவரைக் காட்டினேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். பலகையைப் படித்தாள். கிட்டப் போய் ஒரு துவாரத்தில் மூக்கை வைத்து எடுத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க" என்று மெதுவாகத்தான் கேட்டாள். வேலைக்கு வந்து அத்தனை வருஷத்தில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் நின்றதில்லை. இப்போது சுவர் இடிந்தால் இடித்தது ரோடு இல்லை, நான்தான்.

ஜெயசீலன் சாரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். பஷீர் ஏற்கனவே ஒரு யோசனை கொடுத்திருந்தான். தேன்பெட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு பெட்டியை வாங்கி வந்து கொட்டாய்க்குள் மறைத்து வைத்தால், பெரியவர் வரும் நாளில் துவாரத்தில் நாலு தேனீ பறக்கும். அதையும் சொல்லிவிட்டேன்.

"அது பெட்டியில இருக்கிற தேனீ ஓவர்சியர், சுவர்ல இருக்கிற தேனீ இல்லை" என்றார். பொடி டப்பாவைத் திறந்து மூடினார். "அளந்தீங்க. பார்த்தீங்க. மோந்தீங்களா?"

"எனக்குத் தெரியாது சார். எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாது. இருபது வருஷமா பொடி போடறேன். அப்ப மூக்கு இருக்கிற ஆள் ஒண்ணு வேணும்."

அன்றே ஒரு கடிதம் எழுதினார். 'சுவர் தற்போது காலியாக உள்ளது. வெள்ளையடித்ததே காரணம். வெள்ளையடித்தது என் அலுவலகம். மீண்டும் குடியேறக் கால அவகாசம் வேண்டும்.' கீழே தன் கையெழுத்து. என் பெயர் அதில் எங்குமே இல்லை. அந்தக் கடிதத்தை டைப் செய்யக் கொண்டுபோகும்போது என் கண் கலங்கியது, அதைச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சமில்லை.

காணும் பொங்கல் முடிந்து கோட்டப் பொறியாளர் வந்தார். காலிச் சுவரைப் பார்த்தார், என் பலகையைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ரோடு ரோலர் ஒடுகத்தூர் பக்கத்துல இருந்து வந்துக்கிட்டிருக்கு. அது இந்த வளைவுக்கு வர்ற அன்னிக்கு உள்ள தேனீ இருந்தா பாறையை உடைங்க. இல்லேன்னா சுவரை இடிங்க. அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வைத்தியம் தொடங்கியது. ஜெயசீலன் சார் இதையும் ஒரு முறையோடுதான் செய்தார். சுவரை ஐந்து பாகமாகப் பிரித்துக் கோடு போட்டார். மலைப்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் கொத்துக்கரண்டியால் சுண்ணாம்பைச் சுரண்டுவார்கள். ஒரு பாகம் முடிந்ததும் கன்னியம்மாள் வந்து முகர்ந்து பார்ப்பாள். "இருக்குது" என்றால் இன்னும் கால் அங்குலம் மண்ணோடு சேர்த்துச் சுரண்ட வேண்டும். "இல்ல" என்றால்தான் அடுத்த பாகம். சார் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொள்வார்: முதல் பாகம், இரண்டாம் முறை, இருக்குது. முதல் பாகம், மூன்றாம் முறை, இல்லை. சுரண்டிய மண் எல்லாம் தொலைவில் பள்ளம் தோண்டிப் புதைக்கப்பட்டது. என் பலகையும் அதே பள்ளத்துக்குப் போனது.

நான் கரண்டியை எடுக்கப் போனால், "நீங்க தொடாதீங்க சார். உங்க சட்டையிலயே இருக்குது" என்றாள். தினமும் ஆம்பூர் வீட்டிலிருந்து துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் வருவேன். துவைத்த தண்ணியும் ஆம்பூர்த் தண்ணிதான் என்பாள். கிணற்றில் குளித்துவிட்டு வந்து பார்த்தேன். மோந்துவிட்டு, "கம்மியாய்ருக்குது. ஆனா இருக்குது" என்றாள். புளியமரத்தின் கீழ் எனக்கு ஒரு கல் போட்டுக் கொடுத்தாள். அதைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் நான் போகக்கூடாது. சனிக்கிழமைகளில் ஏழுமலையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"சார், கவுருமெண்டு ஆபீசரு நீங்க, உங்களையே ஒக்கார வெச்சிட்டா. எனக்கு இப்பதான் மனசு ஆறுது" என்று பீடியைப் பற்றவைத்தார்.

சுரண்டி முடித்த சுவருக்குச் செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினாள். பழைய தேன்மெழுகை உருக்கிப் பானைகளின் உட்புறம் தேய்த்தாள். எலுமிச்சை இலையைக் கசக்கித் துவாரங்களில் தடவினாள். பிறகு செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும்.

ரோலர் வந்துகொண்டே இருந்தது. கப்பிக்கல் கொட்டி, கிராவல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, போவதும் வருவதுமாக நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. சாயங்காலம் ஆனதும் சார் டேப்பைப் பிடிக்கச் சொல்வார். ரோலரின் முன்சக்கரத்திலிருந்து சுவர் வரைக்கும் அளப்போம். எண்ணூறு அடி. அறுநூற்று நாற்பது. நானூறு. ஊரார் எங்களோடு நடந்து வருவார்கள். அவர்களுக்கு பஸ் வேண்டும், கன்னியம்மாள் சுவரும் வேண்டும், என்னைக் கேலி செய்யவும் வேண்டும். "ஓவர்சியர் சார், ரோலருக்கு வெள்ளையடிக்கலயா?" என்று கேட்காத ஆளில்லை.

மாசி பிறந்து மலையில் மரங்கள் பூத்தன. இருநூற்றுப் பத்து அடி இருக்கும்போது ஒரு காலையில் கன்னியம்மாள் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட கையாலேயே 'அங்கயே நில்லு' என்றும் காட்டினாள். மேல் வரிசை நாலாவது துவாரத்தில் ஒரு தேனீ. உள்ளே போனது, வந்தது, சுற்றிப் பார்த்தது, பறந்துபோனது. மத்தியானம் ஐந்தாறு வந்தன.

"பொண்ணு பார்க்க வந்துட்டு போறாங்க சார். புடிச்சிருந்தா சொல்லி அனுப்புவாங்க" என்றாள்.

மறுநாள் யாரும் சொல்லி அனுப்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ரோலர் அறுபது அடிக்கு வந்துவிட்டது. ஒரே நாள் வேலை. ரோலர் டிரைவர் கீழே இறங்கி, "நாளைக்கு இடிக்க ஆள் சொல்லிரலாமா சார்?" என்று கேட்டார்.

ஜெயசீலன் சார் ரோடு நெடுக நடந்தார். நூறு அடி பின்னால் போய், குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"இங்க அமுக்கம் பத்தல. இந்த நூறடியும் திரும்ப ஓட்டணும். ரெண்டு நாள் ஆகும்."

டிரைவர் விழித்தார். நான் போய்ப் பார்த்தேன். ரோடு கல்லாக இருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், அளந்ததா, பார்த்ததா?"

அவர் பொடி டப்பாவைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்.

"பார்த்தது" என்றார்.

இரண்டாவது நாள் பதினோரு மணி இருக்கும். ரோலர் டிரைவர் திடீரென்று இன்ஜினை நிறுத்தினார். என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தோம். அவர் மேலே கையைக் காட்டினார். மலைப்பக்கத்திலிருந்து ஒரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது. புளியமரத்துக்கு மேலாக, என் தலைக்கு மேலாக, ஒரு கரும்புள்ளிக் கூட்டம் சுழன்றுகொண்டே வந்து சுவர்முகத்தில் படர்ந்தது. நாலாவது துவாரத்தைச் சுற்றிச் செம்மண்ணே தெரியவில்லை. ஒவ்வொன்றாக, பிறகு பத்துப்பத்தாக, உள்ளே போயின. எல்லாம் உள்ளே போய் முடிய அரைமணி நேரம் ஆயிற்று. கன்னியம்மாள் கொட்டாய்க்குள் ஓடிப் போய்ப் பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

"வந்துட்டாங்க சார்."

நான் கல்லைவிட்டு எழுந்து ஓடினேன். "அங்கயே நில்லுங்க" என்று ஊரே கத்தியது. நின்றுவிட்டேன். நின்ற இடத்திலேயே குதித்தேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் புளியமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் கோட்டப் பொறியாளர் வந்து பலகையில் காதை வைத்தார். "ஆள் இருக்கு" என்று மட்டும் சொல்லிப் பாறையை உடைக்கக் கையெழுத்துப் போட்டார். பங்குனிக்குள் இன்னும் மூன்று பானைகளில் குடி வந்தது. ஆனியில் பஸ் வந்தது. எம் புக்கில் அந்த வளைவை ஏற்றும்போது சார் சொல்லச் சொல்ல நான் எழுதிய வரிதான் சுகன்யா படித்தது. "சான்று யாருன்னு எழுதணும்" என்றார். "நீங்க சார்" என்றேன். "நமக்கு மூக்கு ஏது ஓவர்சியர்" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன வாரம் சுகன்யா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் கண்டக்டர், "பானைச்சுவர் எறங்கு" என்றார். ஸ்டாப்புக்குப் பெயரே அதுதான். வழியில் சுகன்யா தன் பாதுகாப்புத் திட்டத்தைக் காட்டினார். சுற்றிக் கம்பிவேலி, ஒரு பெயர்ப்பலகை, வருஷா வருஷம் வெள்ளையடித்தல். நான் முழுக்கதையையும் சொன்னேன். பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் திட்டத்தில் மிஞ்சியது ஒரே வரிதான்: அந்த வீட்டுக்காரர்கள் சொல்கிறபடி.

சுவர் அப்படியே நின்றது, செம்மண்ணும் சாணியுமாக. கன்னியம்மாளின் மருமகள் கையில் சாணி உருண்டையோடு கொட்டாயிலிருந்து வெளியே வந்தாள். சுகன்யாவைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"கலவை."

"வாங்க, கிட்ட வந்து பாருங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க?"

"ஆம்பூர்."

"அப்ப அங்கயே நில்லுங்க."

கொட்டாய்க்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கொஞ்சம் தேய்ந்திருந்தது, அதட்டல் மட்டும் அப்படியே இருந்தது. "யாரு, ஓவர்சியர் சாரா? புளியமரத்தாண்ட கல்லு கெடக்குது, ஒக்காரச் சொல்லு. மோர் கொண்டாறேன்."

நான் போய் என் கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.